மச்சான் விளையாடாத இறுதி ஆட்டம்

போன மாதம் நம்மட வாட்ஸ்அப் குழுவில் அந்தச் செய்தி வந்தபோது நான் கடையைத் திறந்துகொண்டிருந்தேன். நமக்குக் கால்பந்து பழக்கிய சேர் காலமாகிவிட்டார், சொறிக்கல்முனையில் அவர் வீட்டில்தான் உடல் இருக்கிறது என்று நம்மட பந்துக்காப்பாளர் போட்டிருந்தார். ஒவ்வொருவராக அனுதாபம் எழுதினீர்கள். அதற்கு நடுவில் நம்மட இடப்பக்கப் பின்வரிசைக்காரர் இப்படி எழுதினார்:

"நல்ல மனுசன்தான். ஆனா ஃபைனல் அண்டைக்கு நம்மள விக்கப் பாத்தவர். அல்லாஹ்தான் காப்பாத்தினான்."

அதற்குக் கீழே ஐந்து பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தோம். அந்த ஐந்தில் ஒன்று என்னுடையது.

அன்று பகல் முழுக்க எனக்கு வியாபாரம் ஓடவில்லை. சீனி கேட்டவருக்கு மாவை நிறுத்துக் கொடுத்தேன். சேர் நம்மை விற்கவில்லை. அந்த இறுதி ஆட்டத்தில் மச்சானை அவர் ஏன் இறக்கவில்லை என்பது நம்மட அணியில் எனக்கும் மச்சானுக்கும் மட்டும்தான் தெரியும். நமக்கெல்லாம் ஐம்பது நெருங்கிவிட்டது, சிலருக்குத் தாண்டியும் விட்டது. இனியும் பேசாமல் இருந்தால் அந்தக் கட்டைவிரலோடுதான் நானும் மையவாடிக் குழிக்குள் போக வேண்டிவரும். ஆகவே ஒருக்கா முழுவதையும் சொல்லிவிடுகிறேன். நீளமாக இருக்கும். பொறுமையாக வாசியுங்கள்.

மச்சான் என்று நான் யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். உங்களுக்கு அவன் நம்மட முன்வரிசைக்காரன், அந்த வருஷம் முழுக்கக் கோல் அடித்தவன். எனக்கு வாப்பாவின் தங்கச்சி மகன். மாமியும் அவனும் எங்கள் வளவுக்குள்ளேயே ஓலை மறைத்த ஒரு சின்ன வீட்டில் இருந்தார்கள்.

உங்களுக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. மாமிக்கு இரண்டு ஆண் பிள்ளைகள். இனப் பிரச்சினை நேரம் மேற்கே இருந்த வயல் ஊரை விட்டு அவர்கள் ஓடி வந்தபோது, வழியில் ஒரு பள்ளிக்கூடத்தில் அகதியாகத் தங்கியிருந்தார்கள். அங்கே இளையவனுக்குக் காய்ச்சல் கண்டு மூன்றாம் நாள் மௌத்தாகிவிட்டான். அவனுக்கு என்னுடைய வயது. வீடு எரிந்ததில் கடுதாசிகள் எல்லாம் போய்விட்டன. மாமியின் கைப்பையில் ஒரேயொரு பிறப்புச் சான்றிதழ் மட்டும் மிஞ்சியிருந்தது. அது இளையவனுடையது. அவனை வேறு பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்காக அந்த வாரம்தான் எடுத்து வைத்திருந்தாவாம்.

இங்கே வந்து மூத்தவனைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது சான்றிதழ் கேட்டார்கள். அவனுக்கு இரண்டு வருஷப் படிப்பும் விட்டுப்போயிருந்தது. பிரதி எடுக்க அந்தப் பக்கம் போக யாருக்குத் துணிவு? மாமி கையில் இருந்ததை நீட்டினா. அன்றிலிருந்து மச்சான் தம்பியின் பெயரில், தம்பியின் வயதில், என்னோடு ஒரே வகுப்பில் படித்தான். நம்மட பதினைந்து வயதுக்குட்பட்ட அணிக்கு அவன் வந்தபோது கடுதாசியில் அவனுக்குப் பதினாலு. உண்மையில் பதினாறு முடிந்திருந்தது. இது எங்கள் வளவுக்கு வெளியே போகாத கதை. "இத ஆருக்கும் செல்லப்படா மனே" என்று மாமி என் தலையில் கை வைத்துச் சொன்னது எனக்கு இன்றைக்கும் அந்தக் கையின் வெங்காய மணத்தோடு ஞாபகம் இருக்கிறது.

சேர் வந்தது அந்த வருஷம் தை மாதம். முன்னால் இருந்த மாஸ்டர் கதிரையில் இருந்துகொண்டு பந்தை எறிந்துவிட்டுப் பேப்பர் வாசிப்பார். சேர் வந்து பத்து நாளைக்குப் பந்தையே காட்டவில்லை. வயலுக்கு அப்பால் உள்ள தமிழ் ஊரான சொறிக்கல்முனையிலிருந்து சைக்கிளில் வருவார். காற்சட்டையின் வலக்காலை மடித்து உடுப்புக் கொழுவும் கிளிப் ஒன்று போட்டிருப்பார். விசிலைச் சப்பாத்து நூலில் கட்டிக் கழுத்தில் தொங்க விட்டிருப்பார். அறுவடை முடிந்த வயல் வட்டைக்குள் கூட்டிப் போய் வெறுங்காலோடு ஓடச் சொன்னது ஞாபகமா? வைக்கோல் தாள் காலில் குத்தி, வீட்டுக்குப் போய் உம்மாமார் வேப்பெண்ணெய் பூசி, அடுத்த நாள் மூன்று வாப்பாமார் பள்ளிக்கூட அதிபரிடம் முறைப்பாட்டுக்குப் போனார்கள்.

"அது ஒரு தமிழ் ஆள். நம்மட புள்ளையள் முடமானா அவருக்கென்ன?" என்று கேட்டவர் நம்மட அணித் தலைவரின் வாப்பா, துணிக்கடை முதலாளி. பெற்றோர் சங்கத்துக்கும் அவர்தான் பெரியவர்.

அதிபர் சேரைக் கூப்பிட்டு என்ன கதைத்தாரோ தெரியாது. சேர் மறுநாளும் நம்மை வட்டைக்குள்தான் கூட்டிப் போனார். ஆனால் அன்றைக்குத் தன் சப்பாத்தையும் கழற்றிவிட்டு நம்மோடு ஓடினார்.

பந்து கையில் வந்த பிறகு ஒரு சட்டம் வைத்தார். யாருக்குப் பந்தைக் கொடுக்கிறோமோ அவன் பெயரை உரக்கச் சொல்ல வேண்டும். பெயர் சொல்லாமல் கொடுத்தால் மைதானத்தைச் சுற்றி ஒரு ஓட்டம். மைதானத்தை அடுத்த கடற்கரை முழுக்க நம்மட பெயர்கள்தான் கேட்கும். வலை இழுக்கிற ஆட்கள் நம்மைப் பார்த்துச் சிரிப்பார்கள். மச்சானுக்கு மட்டும் இந்தச் சட்டம் சரிவரவில்லை. அவன் பெயரைக் கூப்பிட்டால் ஒரு கணம் பிந்தித்தான் திரும்புவான். அந்த ஒரு கணத்தில் பந்து போய்விடும். சேர் அவனைத் தள்ளிக் கூட்டிப் போய்க் காதுக்குப் பக்கத்தில் விரலைச் சொடுக்கிச் சொடுக்கிப் பார்த்தார்.

"உனக்கு ஒரு காது மந்தமா?"

"இல்ல சேர்."

"அப்ப ஏன் பேரச் சொன்னாத் திரும்புறாய் இல்ல?"

மச்சான் நிலத்தைப் பார்த்தான். நான் அவர்களுக்குப் பக்கத்தில் நின்றேன். பந்தை எடுக்கப் போவதுபோல விலகிப் போனேன்.

பங்குனி மாதம் ஒரு நாள் நடந்ததையும் சொல்ல வேண்டும். பயிற்சி நடந்துகொண்டிருக்கும்போது பெரிய வீதிப் பக்கம் கடைகளின் கதவுகள் சடசடவென்று இறங்கிய சத்தம் கேட்டது. எங்கேயோ ஒரு தமிழ் ஊரில் நம்மட ஆட்கள் இரண்டு பேரைக் கொன்றுவிட்டார்கள் என்று ஒருவன் சைக்கிளில் கத்திக்கொண்டு போனான். பத்து நிமிஷத்துக்குள் வாப்பாமார் மைதானத்துக்கு வந்துவிட்டார்கள். சேர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் தனியாக நின்றார். அவர் ஊருக்குப் போவதென்றால் பெரிய வீதியைக் குறுக்கால் கடந்து, சந்தையைத் தாண்டித்தான் வட்டைக்குள் இறங்க வேண்டும். வீதியில் பொடியன்மார் கூடியிருந்தார்கள். சேரின் உதடு காய்ந்திருந்தது. ஒருத்தரும் அவருக்குக் கிட்டப் போகவில்லை.

மச்சான்தான் போனான். "சேர், சைக்கிள்ல ஏறுங்க. நாங்க சுத்தி வர ஓடுறம். பயிற்சி எண்டு நினைப்பாங்க" என்றான். தலைவரும் இன்னும் நாலு பேரும் போய்ச் சேர்ந்துகொண்டார்கள். நானும் ஒரு அடி வைத்தேன். வாப்பா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "இஞ்ச நில்லு" என்றார். நான் நின்றேன். பிடியை உதறியிருக்கலாம், வாப்பா அவ்வளவு இறுக்கிப் பிடிக்கவில்லை.

பயிற்சி உடுப்புப் போட்ட ஆறு பேர் ஒரு சைக்கிளைச் சூழ்ந்து, பெயர்களைக் கத்திக் கூப்பிட்டபடி சந்தைக்குள்ளால் ஓடியதை ஊர் பார்த்தது. வட்டையின் முதல் வாய்க்கால் வரைக்கும் ஓடிவிட்டுத் திரும்பி வந்தார்கள். அன்று பின்னேரம் வாப்பா மச்சானின் தோளைத் தட்டி, "நீதான்டா ஆம்புள" என்றார். நான் பக்கத்தில் நின்றேன்.

அதற்குப் பிறகு அந்த வருஷம் எப்படிப் போனதென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வலயப் போட்டியில் எல்லா ஆட்டமும் வெற்றி. மாவட்டத்தில் காலிறுதி, அரையிறுதி. அதுவரைக்கும் நம்மட பள்ளிக்கூடம் முதல் சுற்றைத் தாண்டியதில்லை. மீன் சந்தையில், தேத்தண்ணிக் கடையில், பள்ளிவாசல் ஹவுழில் கைகால் கழுவி ஒழுச் செய்கிற நேரத்திலும் அதே கதை. முன்பு முறைப்பாட்டுக்குப் போன துணிக்கடை முதலாளியே பச்சை ஜேசித் துணி கொடுத்தார். அந்தத் துணி வியர்வைக்குச் சாயம் விட்டு, நம்மட கழுத்தெல்லாம் பச்சையாய் நின்றதை மறந்திருக்க மாட்டீர்கள். மச்சான் ஒவ்வொரு ஆட்டத்திலும் கோல் அடித்தான். நான் ஒவ்வொரு ஆட்டத்திலும் ஓரத்து வாங்குப் பலகையில் இருந்தேன். அவனுக்குப் பதிலாக இறங்க வேண்டியவன் நான். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை, நானும் இறங்கவில்லை. தண்ணீர்ப் போத்தலை நீட்டுவதும் எலுமிச்சம்பழம் வெட்டுவதும்தான் என் வேலை. நான் அதைச் சிரித்த முகத்தோடு செய்ததாக நீங்கள் நினைத்திருப்பீர்கள்.

இறுதி ஆட்டம் ஒரு சனிக்கிழமை. எதிரணி சேர் சின்ன வயதில் படித்த பள்ளிக்கூடம். அது தெரிந்த நாளிலிருந்தே ஊருக்குள் ஒரு முணுமுணுப்புத் தொடங்கிவிட்டது. வியாழக்கிழமை சேர் பதினொரு பேரை வாசித்தார். வழக்கம்போல மச்சான் உள்ளே, நான் வெளியே.

வீட்டுக்கு வந்தேன். என்னிடம் ஒரு சோடிச் சப்பாத்து இருந்தது. சவூதியிலிருந்து தாய்மாமா அனுப்பியது, கறுப்பில் வெள்ளைக் கோடு, அடியில் பதினொரு குமிழ். வாங்கில் இருப்பவனுக்குச் சப்பாத்துத் தேயாது, அது புதிதாகவே இருந்தது. மச்சான் போடுவது சேர் எங்கோ தேடிக் கொடுத்த பழசு, முன்பக்கம் வாய் திறந்தது. அன்று நான் உள்ளே போகும்போது வாப்பா என் சப்பாத்தைக் கையில் எடுத்துத் தூசி தட்டிக்கொண்டிருந்தார். மச்சான் முன்னால் நின்றான். "இத போட்டுக்கிட்டு விளையாடு" என்று அவனிடம் நீட்டினார்.

"வாப்பா, அது என்ட!"

"நீ வெளிய இரிக்கிறவன்தானே. உனக்கென்னத்துக்குச் சப்பாத்து?"

சொன்னது அவ்வளவுதான். வாப்பா கெட்ட மனிதரல்ல. தங்கச்சி மகன் வாய் திறந்த சப்பாத்தோடு மாவட்டத்துக்கு முன்னால் ஓடக்கூடாது என்று நினைத்தார். எனக்கும் பிள்ளைகள் பிறந்து, நானும் இப்படி நாலு வார்த்தையை யோசிக்காமல் எறிந்த பிறகுதான் அது விளங்கியது. அன்று விளங்கவில்லை. மச்சான் வேண்டாமென்று தலையாட்டினான். வாப்பா அவன் கையில் திணித்தார். அவன் என்னைப் பார்த்தான். நான் வெளியே போய்விட்டேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் நான் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். சேர் விளையாட்டுச் சாமான் அறையில் தனியாக இருந்து பந்துக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார். ரப்பரும் சுண்ணாம்புத் தூளும் கலந்த மணம்.

"என்ன?" என்றார்.

"சேர், அவனுக்குப் பதினாலு இல்ல. பதினாறு முடிஞ்சிட்டு. அது அவன்ட தம்பிட பேர். தம்பி மௌத்து."

பம்பு நின்றது. அவர் என்னை அல்ல, பந்தைத்தான் பார்த்தார். "அதுதான் திரும்புறான் இல்ல" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு கேட்டார்.

"இத வேற ஆருக்குச் சொன்ன?"

"ஒருத்தருக்கும் இல்ல சேர்."

"எனக்கு ஏன் சொல்றாய்?"

"களவு விளையாட்டுத்தானே சேர் அது."

நான் அந்த வசனத்தை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். வாயிலிருந்து வெளியே வந்ததும் அது எனக்கே நாறியது. சேர் எழுந்து கதவைச் சாத்தினார்.

"இந்தக் கதை வெளிய போனா அவன்ட படிப்பு என்னாகும் எண்டு தெரியுமா? அடுத்த வருசம் பரீட்சை எழுத விடுவாங்களா? அவன்ட உம்மாவ எங்க எங்க கூப்பிட்டு விசாரிப்பாங்க?"

எனக்கு அது ஒன்றும் தெரியாது. நான் நினைத்ததெல்லாம் பதினொரு பேரில் ஒரு பேர் அழியும் என்பது மட்டும்தான்.

"போ. இனி உயிருள்ளவரைக்கும் இத வாயால எடுக்காத" என்றார். இன்று எழுதுகிறேன் என்றால் அந்தச் சொல்லை மீறித்தான் எழுதுகிறேன்.

சனிக்கிழமை உழவு இயந்திரப் பெட்டிகளில் ஊரே வந்தது. மேற்கிலிருந்து கச்சான் காற்று அனலாய் வீசி மணலை அள்ளிக் கண்ணில் போட்டது. சேர் பெயர்களை வாசித்தார். மச்சானின் பெயர் வரவில்லை. அந்த இடத்தில் என் பெயர் வந்தது. நீங்கள் எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தீர்கள். தலைவர், "சேர், பிழையா வாசிச்சிட்டீங்க" என்றார். சேர், "இல்ல. சரியாத்தான் வாசிச்சன்" என்றார்.

அப்போதுதான் எனக்குச் சப்பாத்து இல்லை என்பது ஞாபகம் வந்தது. நான் வாங்குக்கு முன்னால் வெறுங்காலோடு நின்றேன். மச்சான் வாங்கில் உட்கார்ந்து நூலை அவிழ்த்தான். இரண்டையும் கழற்றி என் முன்னால் வைத்தான். "இந்தா" என்றான். நான் குனிந்து போட்டேன். உள்ளே அவன் காலின் சூடு இருந்தது. அவன் முகத்தை நான் பார்க்கவில்லை.

கயிற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஊர் கத்தத் தொடங்கியது. "படிச்ச பள்ளிக்கூடத்துக்கு விசுவாசம் காட்டுறார்டா!" "வித்துட்டான்டா!" ஒரு தென்னங் குரும்பட்டி பறந்து வந்து சேரின் முதுகில் பட்டது. அவர் திரும்பவில்லை.

முதல் பாதியில் காற்று நமக்கு எதிர். உதைத்த பந்து நம்மிடமே திரும்பி வந்தது. என் கால் என் சொல் கேட்கவில்லை. நம்மட வலப்பக்கத்தால் வந்து அவர்கள் ஒரு கோலைப் போட்டார்கள். இடைவேளை விசில் ஊதியதும் அதிபரும் துணிக்கடை முதலாளியும் கயிற்றைத் தாண்டி உள்ளே வந்துவிட்டார்கள்.

"அவன எறக்குங்க" என்றார் அதிபர்.

"ஏலாது" என்றார் சேர்.

"ஏன் ஏலாது?"

சேர் விசில் நூலை விரலில் சுற்றினார், அவிழ்த்தார். அவருக்கு அப்போது இருபத்தேழு வயது. இன்றைக்கு என் மூத்த மகனின் வயது. அன்று எனக்கு அவர் பெரிய மனிதர். பெரிய மனிதர் ஏன் சின்னப் பிள்ளைபோல நூலைச் சுற்றுகிறார் என்று நான் யோசித்தது ஞாபகம் இருக்கிறது.

"காரணம் செல்ல ஏலாட்டி, ஊர் கதைக்கிறதுதான் சரி" என்றார் முதலாளி. "இப்ப அவன எறக்காட்டி நீங்க இந்தக் கேற்றால வெளிய போங்க. வெளிய நிக்கிற சனத்துக்கு நாங்க பொறுப்பில்ல."

நான்தான் சொன்னேன், என் வேலைதான் இது என்று சொல்ல எனக்கு ஒரு மூச்சு போதும். ஆனால் அதைச் சொன்னால் முழுவதையும் சொல்ல வேண்டிவரும். நான் சப்பாத்து நூலை இறுக்குவதுபோலக் குனிந்துகொண்டேன்.

அப்போது மச்சான் எழும்பினான். ஒரு காலை இழுத்து இழுத்து நடந்து வந்தான்.

"எனக்குக் கால் ஏலா. நேத்து வாய்க்கால்ல பிரண்டுட்டு. ஒருத்தருக்கும் செல்ல வேணாமெண்டு நான்தான் சேருக்கிட்டச் சொன்னன்."

முதலாளி குனிந்து அவன் கணுக்காலைப் பிடித்து அழுத்தினார். மச்சான் அலறினான். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. அந்தக் கண்ணீர் பொய்யில்லை. அது காலுக்காக வந்ததும் இல்லை. அதிபர், "இத முதல்லயே செல்லியிருக்கலாமே" என்று முணுமுணுத்துவிட்டுப் போனார்.

இரண்டாம் பாதியில் காற்று நமக்குப் பின்னால் நின்றது. தலைவர் தூரத்திலிருந்து உதைத்ததைக் காற்றே கொண்டுபோய் உள்ளே போட்டது. முடிய இரண்டோ மூன்றோ நிமிஷம் இருக்கும்போது ஒரு மூலை உதை. பந்து யார் யாரிலோ பட்டு, கம்பத்தில் பட்டு, என் முழங்காலுக்குக் கீழே வந்து மோதி உள்ளே போனது. நான் உதைக்கவில்லை. இதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். அந்தக் கோலை நான் உதைக்கவே இல்லை, அது என்னில் வந்து பட்டது.

நீங்கள் என்னைத் தூக்கினீர்கள். அந்த உயரத்திலிருந்து நான் வாங்கைப் பார்த்தேன். சேர் துவாயால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் மச்சான் இரண்டு காலாலும் துள்ளித் துள்ளிக் குதித்துக்கொண்டிருந்தான். நாலைந்து தரம் குதித்த பிறகுதான் அவனுக்குத் தன் கால் ஞாபகம் வந்தது. சட்டென்று உட்கார்ந்தான். ஆனால் பார்க்க வேண்டியவர்கள் பார்த்துவிட்டார்கள். கால் நல்லாத்தான் இருக்கிறது, பொடியனை மிரட்டிப் பொய் சொல்ல வைத்திருக்கிறார் என்று அன்று அஸர் தொழுகைக்குள் ஊர் முழுக்கக் கதை. நீங்கள் இத்தனை வருஷமாய் நம்பியது அதைத்தான். உங்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

ஊர்வலத்தில் கிண்ணத்தை நான்தான் பிடித்துக்கொண்டு போனேன். சேர் உழவு இயந்திரப் பெட்டியில் ஏறவில்லை. காற்சட்டைக் காலை மடித்துக் கிளிப்பைப் போட்டுக்கொண்டு வட்டைப் பக்கம் சைக்கிளைத் திருப்பினார். முதலாளி சேரை மாற்றச் சொல்லி ஒரு மனு எழுதினார். எங்கள் வாப்பாவும் அதில் கையெழுத்து வைத்தார். மச்சானின் உண்மையான வயது தெரிந்தவர்தான், ஆனாலும் வைத்தார். வைக்காவிட்டால் ஏனென்று கேட்பார்களே. அடுத்த தவணைக்குச் சேர் இடமாற்றம் கிடைத்துப் போய்விட்டார். மச்சான் அதற்குப் பிறகு ஒரு போட்டியிலும் விளையாடவில்லை. தம்பியின் பெயரில் சாதாரண தரப் பரீட்சையில் சித்தியடைந்தான். தம்பியின் பெயரில் அடையாள அட்டை, தம்பியின் பெயரில் நிக்காஹ். இப்போது ஒலுவில் துறைமுகத்தில் படகு இயந்திரம் திருத்துகிறான். அங்கேயும் அதே பெயர்தான்.

சேரின் செய்தி வந்த மூன்றாம் நாள் நான் ஒலுவிலுக்குப் போனேன். மச்சான் ஒரு இயந்திரத்தைக் கழற்றிப் போட்டுக்கொண்டு சாக்கில் இருந்தான். தாடி முழுக்க நரைத்துவிட்டது. கை முழங்கை வரைக்கும் கிறீஸ். நான் நின்றுகொண்டே சொன்னேன்.

"மச்சான், சேருக்கு அண்டைக்குச் சொன்னது நான்தான்."

அவன் திருகாணியை விடவில்லை. "தெரியும்" என்றான்.

"சேர் சொன்னவரா?"

"அவர் சொல்லல்ல. நீ சப்பாத்தப் போடக்குள்ள என்ட மொகத்தப் பாக்கல்ல. அண்டைக்கே தெரியும்."

"அப்ப ஏன்டா இவ்வளவு காலமாக் கேக்கல்ல?"

"கேட்டா நீ ஓமெண்டுவாய். மறுகா நான் உன்னோட கோவிக்கணும். ஒரே வளவுக்குள்ள இரிந்துக்கிட்டு எப்பிடிக் கோவிக்கிற? உம்மா வேற உங்கட ஊட்டுச் சோத்தத்தான் தின்டா." திருகாணியை ஒரு சுற்றுச் சுற்றினான். "கோவம் இல்லையெண்டு நான் செல்லல்ல. இரிந்திச்சி. நான் விளையாட ஆசப்பட்டன்டா. அந்த ஒரு மெட்ச்."

நான் அந்தச் சாக்கின் ஓரத்தில் உட்கார்ந்தேன். வெள்ளிக்கிழமை பின்னேரம் என்ன நடந்ததென்று அவன்தான் சொன்னான். எனக்கு அதுவரை தெரியாது. சேர் மாமியின் வீட்டுக்கு வந்திருக்கிறார். மாமி அழுதுகொண்டு அவர் காலில் விழப் போயிருக்கிறா. சேர் விலகி நின்று, "நான் ஒருத்தருக்கும் எழுதிக் குடுக்கப் போறதில்ல, பயப்பிடாதீங்க. ஆனா தெரிஞ்ச பிறகு என்னால இவன இறக்கவும் ஏலாது" என்றாராம். பிறகு, "சரியான ஆளா இருந்தா நான் இவன வச்சு வெண்ட ஆட்டங்களையும் வேணாமெண்டு சொல்லோணும். எனக்கு அந்தத் துணிவு இல்ல" என்றும் சொன்னாராம். இறக்க மாட்டார் என்று தெரிந்தும், வாப்பா கேட்பாரென்றுதான் மச்சான் அந்தச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறான்.

"போகக்குள்ள என்னப் பாத்து, உன்ட பேர் என்ன எண்டு கேட்டார். நான் பள்ளிக்கூடத்துப் பேரச் சொன்னன். அது இல்ல, உன்ட பேர் எண்டார். சொன்னன். அதுக்குப் பிறகு எங்க கண்டாலும், பக்கத்தில ஆளில்லாட்டி, அந்தப் பேரச் சொல்லித்தான் கூப்புடுவார். போன வருசமும் ஆசுப்பத்திரியில கண்டு கூப்பிட்டார். உம்மாவுக்குப் பிறகு அவர் ஒராள்தான்." கையைத் துணியில் துடைத்தான். "இப்ப அவரும் இல்ல."

குழுவில் வந்த அந்த வசனத்தைக் காட்டினேன். கட்டைவிரல்களையும் காட்டினேன். வாசித்துவிட்டுத் தொலைபேசியைத் திருப்பித் தந்தான்.

"எழுது. முழுசா எழுது. ஆனா பேரப் போடாத. என்ட பேரும் வேணா, தம்பிட பேரும் வேணா, ஒருத்தர்ட பேரும் வேணா."

இவ்வளவையும் எழுதி வைத்த பிறகும் அது போதாது என்று பட்டது. நேற்று சேரின் முப்பத்தோராம் நாள். நானும் மச்சானும் சொறிக்கல்முனைக்குப் போனோம். வட்டை முழுக்கப் பச்சையாய் இருந்தது. வாசலில் கூடாரம் போட்டிருந்தார்கள். உள்ளே சேரின் படத்துக்கு மாலை போட்டு மெழுகுதிரி ஏற்றியிருந்தார்கள். அந்தப் படத்தில் அவர் கிழவர், எனக்கு அடையாளம் பிடிக்கவே சற்று நேரம் எடுத்தது. நாங்கள் தொப்பி போட்ட இரண்டு பேர் வாசலில் நிற்பதைக் கண்டு சனம் கொஞ்சம் ஒதுங்கி வழிவிட்டது.

சேரின் மனைவி கதிரையிலிருந்து எழும்பி வந்தா. மெலிந்த மனிசி, கண் இரண்டும் வீங்கியிருந்தது. நான் கடை வைத்திருப்பதையும் சேரிடம் படித்ததையும் சொன்னேன். தலையாட்டினா. பிறகு மச்சான் பக்கம் திரும்பினா.

"தம்பி, நீங்க ஆரு?"

மச்சான் தொண்டையைச் செருமிக்கொண்டான். நான் நிலத்தைப் பார்த்தேன். பிறகு அவன், நான் மாமியின் வாயால் மட்டுமே கேட்டிருந்த அந்தப் பெயரை, அத்தனை சனத்துக்கு நடுவில், கேட்கிற சத்தத்தில் சொன்னான்.

அவவுக்கு அது வெறும் ஒரு பெயர்தான். ஒரு வியப்பும் இல்லாமல் அதையே திருப்பிச் சொல்லி, "வாங்க, இப்பிடி வந்து இருங்க" என்று ஒரு கதிரையை இழுத்துப் போட்டா. மச்சான் உட்கார்ந்தான்.